ராகு காலத்தில் ஒரு புளுகாட்டம்

ஒரு பெண் “எனக்குச் சம்மதம்” என்று சொன்னால், அவளுக்கு நிஜமாகவே சம்மதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இது என்ன கேள்வி என்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. மற்றச் சந்தேகங்கள் எல்லாம் உண்டு. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, காய்ந்ததோ இல்லையோ என்று மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிற ரகம் நான். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்குமோ, ஊற்றாவிட்டால் சூடு ஏறுமோ என்று யோசித்து யோசித்து வெந்நீரையே ஆற வைத்துவிடுவேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் இது பால் விஷயமும் இல்லை, வெந்நீர் விஷயமும் இல்லை. என் சின்ன நாத்தனார் பிரகதத்தின் கல்யாண விஷயம்.

அதற்குள் சீட்டுக்கட்டு எப்படி நுழைந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சீட்டு என்றாலே குடும்பத்தைக் கெடுக்கிற சாமான் என்பது என் புகுந்த வீட்டார் கொள்கை. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். இங்கே புதுக்கோட்டையில் சமஸ்தானக் கச்சேரி ஆபீசில் கிளார்க். கூட வேலைபார்க்கும் திருச்சிக்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். “காசு வச்சு ஆடுற ஆட்டம் இல்ல. சின்னப் புள்ளைங்களும் ஆடலாம்” என்று ஒரு பழைய கட்டைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். ஆட்டத்துக்குப் பெயர் புளுகாட்டம்.

ரொம்பச் சுலபம். எல்லாச் சீட்டையும் எல்லோருக்கும் பங்கு போட்டுவிட வேண்டும். ஒருவர் “ரெண்டு ராணி” என்று சொல்லிக்கொண்டு, சீட்டைக் கவிழ்த்து நடுவில் போடுவார். அடுத்தவரும் ராணிதான் போட வேண்டும். இல்லையென்றால் “பாஸ்” சொல்லலாம். ஆனால் கவிழ்த்துப் போட்டது ராணிதானா என்று யார் கண்டார்கள்? சந்தேகம் வந்தால் பாயில் ஓங்கித் தட்டி “திருப்பு!” என்று சொல்ல வேண்டும். புளுகு என்று தெரிந்தால், நடுவில் கிடக்கும் அத்தனை சீட்டும் புளுகியவர் தலையில். நிஜமாக இருந்தால் சந்தேகப்பட்டவர் தலையில். கையில் உள்ள சீட்டு யாருக்கு முதலில் தீர்ந்துபோகிறதோ அவருக்கு ஜயம்.

அதாவது... வாய் கூசாமல் பொய் சொல்கிறவருக்கு ஜயம்!

இதை எட்டு வயதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கலாமா? பொய் சொன்னால் வாயில் மிளகாயைத் தேய்ப்பேன் என்று காலையில் மிரட்டிவிட்டு, சாயங்காலம் “சிரிக்காமப் புளுகுடி” என்று சொல்லிக்கொடுக்கிற தாயை என்னவென்று சொல்வது? நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் ஒரு சட்டம் போட்டேன். பாயில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும்தான் புளுகலாம். பாயை விட்டு எழுந்துவிட்டால் பொய் கூடவே கூடாது. இந்தச் சட்டத்தை இயற்றிய அன்று, சமஸ்தானத்துக்கே திவானாகிவிட்டது போல எனக்குப் பெருமை.

என் மகள் வள்ளிக்குப் புளுகும்போது சிரிப்பு வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு மேலதிகாரியிடம் லீவு கேட்கிற குரல் வந்துவிடும். எனக்கு? கை தானாக இடது காதுத் தோட்டுக்குப் போய்விடும். நினைவு வைத்து அடக்கினால் வலது காதுத் தோட்டுக்குப் போகும்! ஆகவே நடுவில் கிடக்கும் சீட்டுக் குவியலுக்கு எங்கள் வீட்டில் நிரந்தரச் சொந்தக்காரி நான்தான்.

பிரகதம் மட்டும் வேறு மாதிரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே “மூணு ராஜா” என்பாள். நிஜமாக இருந்தாலும் துடைப்பாள், புளுகாக இருந்தாலும் துடைப்பாள். முகத்தில் ஒரு கோடு அசையாது. அவளைத் தட்டிக் கேட்டு ஜயித்ததாக எனக்கு நினைவே இல்லை.

அந்த மூக்குக்கண்ணாடிதான் வீட்டின் பெரிய கவலை. மாமனார் மாமியார் காலமாகிவிட்டார்கள். பிரகதம் எங்கள் பொறுப்பு. இதற்கு முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, “கண்ணாடி போட்ட பொண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள்தான். ஆகையால் அரிமளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் பெரிய நாத்தனார், இந்தத் தடவை வரும்போதே ஒரு தீர்மானத்தோடு வந்து இறங்கினார்.

“அந்தக் கண்ணாடிய இங்கிட்டுக் குடு” என்று தங்கையிடம் கையை நீட்டினார். வாங்கினார். அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “தாலி ஏறுற வரைக்கும் இந்த வீட்ல கண்ணாடின்னு ஒண்ணு கெடையாது. எல்லாருக்கும் வெளங்குதா?”

எல்லாருக்கும் என்று சொன்னாரே தவிர, பார்த்தது என்னைத்தான்.

“அண்ணி, பின்னால தெரிஞ்சுச்சுன்னா...” என்று இழுத்தேன்.

“பின்னால தெரிஞ்சா பின்னால பாத்துக்குவோம். நீ வாயத் தொறக்காம இரு. அது போதும்.”

வாயைத் திறக்காமல் இருக்க என்னால் முடியும். தோடு விஷயம் பாவம், அவருக்குத் தெரியாது.

பிரகதம் என்ன சொன்னாள் என்கிறீர்களா? “சரிக்கா” என்றாள். அவ்வளவுதான்.

பையன் வீட்டார் கொடும்பாளூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம். தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். பையன் பள்ளிக்கூட வாத்தியார். பர்மனென்ட் உத்தியோகம் என்று தரகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

இந்த உலகச் சண்டைக் காலத்தில் பஸ் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் கிடையாது. கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் நகர்கிற வண்டி. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். இதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் பெரிய நாத்தனார் அவர்களைச் சீக்கிரமே கிளம்பச் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து பஸ் ஒழுங்காக ஓடிவிட்டது! நாலரை மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரை என்றால் ராகு காலம் பிறக்கிற நேரம். ஆறு மணிக்குத்தான் விடும்.

வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? உள்ளே அழைத்துக் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தோம். ஆனால் ஆறு மணி வரை பெண்ணைக் காட்டக் கூடாது. கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. பலகாரம் கொடுக்கக் கூடாது. “தண்ணி மட்டும் குடு” என்று என் காதோடு உத்தரவு போட்டுவிட்டு, பெரிய நாத்தனார் பணியாரம் சுட அடுக்களைக்குள் போய்விட்டார்.

கல்யாணம் பேச வந்தவர்களிடம் கல்யாணத்தைத் தவிர வேறு எதைத்தான் பேசுவது? கண்மாயில் தண்ணீர் இல்லை என்று பேசினோம். சர்க்கரை கிடைக்கவில்லை என்று பேசினோம். அப்புறம்? கண்மாயில் தண்ணீர் இல்லை என்று மறுபடியும் பேசினோம். தரகர் சுவரில் சாய்ந்து தூங்கியே போனார்.

அப்போதுதான் வள்ளி சீட்டுக்கட்டோடு வந்து நின்றாள். “நீங்க புளுகாட்டம் ஆடுவீங்களா?”

சீட்டாடுகிற வீடு என்று நினைத்துவிட மாட்டார்களா? அதுவும் புளுகாட்டம்!

பையனின் தாயார் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். “அது என்ன ஆட்டம் கண்ணு?”

வள்ளி விளக்கினாள். ஒன்றுவிடாமல் விளக்கினாள். “பாய்ல ஒக்காந்திருக்கற வரைக்கும்தான் பொய் சொல்லலாம். எந்திரிச்சா சொல்லக் கூடாது. இது எங்கம்மா போட்ட சட்டம்.”

“நல்ல சட்டமாத்தான் இருக்கு. போடு சீட்ட. சும்மா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம் ஒக்காந்திருக்கறது?”

வேண்டாம் என்று தடுக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஜாடை காட்டினேன். அவர் கட்டை வாங்கிக் கலைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் சீட்டை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறார். நம்ப மாட்டீர்கள். கொஞ்ச நேரத்திலேயே, நெல் விதைக்கிற மாதிரி சீட்டை வீசி, “அஞ்சு ராஜா!” என்றார்.

“திருப்பு!” என்று குதித்தாள் வள்ளி. “ஒரு கட்டுல நாலு ராஜாதான் இருக்கும்!”

“அப்படியா? எங்க ஊர்ல அஞ்சு.”

பையன் அதற்கு நேர்மாறு. கையில் இருந்தால் போடுவார், இல்லையென்றால் “பாஸ்.” வள்ளிக்கே பாவமாகிவிட்டது. “ஒரே ஒரு பொய் சொல்லுங்க. நான் திருப்புன்னு சொல்ல மாட்டேன்” என்று கெஞ்சினாள்.

“வரமாட்டேங்குது பாப்பா” என்றார் அவர்.

“இவன் சின்னதுலேருந்தே இப்படித்தான் தாயி” என்று அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “பானையிலேருந்து வெல்லத்தத் திருடுறதுன்னாலும், ‘ஆத்தா, திருடப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் திருடுவான்.”

என் முறை வந்தது. “ரெண்டு பத்து” என்றேன். தட்டு விழுந்தது. குவியல் என் கைக்கு வந்தது. மறுபடி என் முறை. மறுபடி தட்டு. மறுபடி குவியல்.

“ஏன் தாயி, ஒனக்குக் காது அரிக்குதா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சத்தம் கேட்டுப் பெரிய நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பணியாரத்தைவிட வேகமாக அவர் முகம் சிவந்தது.

“நீங்களும் வாங்க, ஒரு கை கொறையுது” என்று கூப்பிட்டார் பையனின் தாயார்.

“எனக்கு... அடுப்பு வேலை இருக்குங்க” என்று பல்லைக் காட்டிவிட்டு உள்ளே போனார் பெரிய நாத்தனார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஆறு மணி அடித்தது. பெரிய நாத்தனார் வந்து விளக்கு ஏற்றினார். நாங்கள் உட்கார்ந்தபடியே சீட்டை வாரி ஓரமாக வைத்தோம். பிரகதம் பணியாரத் தட்டோடு வந்தாள். கண்ணாடி இல்லாமல்.

பையனின் தாயாருக்கு முதலில் நீட்டினாள். அவர் குரல் கொடுத்துக்கொண்டே இருந்ததால் அதில் பிசகு இல்லை. அடுத்தது மாப்பிள்ளைக்கு. அங்கேதான் வந்தது வினை. அவரும் வெள்ளை வேட்டி, சட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரும் வெள்ளை வேட்டி, சட்டை. பிரகதம் தலையைக் குனிந்து, கால் விரலால் தரையைக் கீறி, தன் சொந்த அண்ணனிடம் தட்டை நீட்டி, “எடுத்துக்குங்க” என்று வெட்கப்பட்டாள்!

அவர் என்ன செய்வார்? பதற்றத்தில் இரண்டு பணியாரத்தை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பையனின் தாயாருக்கு வெற்றிலை மெல்லுவது நின்றுபோயிற்று.

“பொண்ணுக்குப் பார்வை...?”

“வெக்கம்ங்க. புது ஆளுங்க முன்னால நிமிந்தே பாக்க மாட்டா” என்று முந்திக்கொண்டார் பெரிய நாத்தனார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்க, இருட்டுல கோத்துருவா!”

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீ சொல்லு தாயி. பொண்ணுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கைதான்...

பாயில் ‘பட்’டென்று ஒரு தட்டு.

“திருப்பு!”

தட்டியது அந்த அம்மாள்தான்.

“நாம இன்னும் பாயை விட்டு எந்திரிக்கல. ஒன் சட்டந்தானே? திருப்பு தாயி.” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பெரிய நாத்தனாரைப் பார்த்தேன். உடனே வேறு பக்கம் பார்த்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இரண்டாவது பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வள்ளி. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள். தட்டினால் திருப்ப வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே?

“கண்ணாடி போடுவாங்க... போடாட்டி கொஞ்சம் மங்கலாத் தெரியும்... போட்டா நல்லாத் தெரியும்... நெறையப் படிப்பா... எழுத்து முத்து முத்தா இருக்கும்...” என்று கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் கொட்டினேன்.

பிரகதம் தட்டைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அதன் ஓரத்தில் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, மாப்பிள்ளையை நேராக ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த நொடியில் நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே இல்லை. நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? பெரிய நாத்தனாரின் முகத்தை! இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளாக எனக்கு அதுதானே பழக்கம்?

மாப்பிள்ளைப் பையன் தொண்டையைக் கனைத்தார். “ஆத்தா, நம்ம சீட்டும் ஒண்ணு கவுந்து கெடக்குல்ல.”

“நீ சும்மா இருடா!”

“எனக்கு வேலை பர்மனென்ட் இல்லைங்க” என்றார் அவர், எங்கள் எல்லோரையும் பார்த்து. “ஆக்டிங்தான். லீவுல போயிருக்கறவர் திரும்பி வந்துட்டா, நான் வீட்டுக்குப் போகணும்.”

தூங்கிக்கொண்டிருந்த தரகர் எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. குடையைத் தேட ஆரம்பித்தார்.

அதுவரை ஒடுங்கிப்போய் நின்ற பெரிய நாத்தனார் நிமிர்ந்துவிட்டார். “அப்படீன்னா நாங்களும் யோசிச்சுத்தான் சொல்லணும்.”

“நல்லா யோசிங்க” என்றார் பையனின் தாயார். முதன்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது. “கண்ணாடி எங்களுக்கு ஒரு கொறையில்ல. மறைச்சதுல ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. நாங்க பொண்ணு கேக்குறோம். பதில் நீங்க சொல்லி அனுப்புங்க.”

அவர்கள் போன பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத இடம் போதாது. “தலைய ஆட்டக்கூட ஒழுங்காத் தெரியாதா ஒனக்கு?” என்பது அதில் மென்மையான பகுதி. “ஆக்டிங்காரனுக்கா என் தங்கச்சியக் குடுக்கறது?” என்பது பிற்பகுதி. கடைசியில் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். “வாழப்போறவ அவ. அவளையே கேட்டுருவோம்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “நீயே கேளு.”

மறுநாள் காலை கிணற்றடியில் கேட்டேன். “பிரகதம், அண்ணனுக்காகச் சொல்ல வேணாம். அக்காவுக்காகவும் வேணாம். ஒனக்கு இந்த எடம் சம்மதமா?”

கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்தாள். “எனக்குச் சம்மதம் மதினி.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.” துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பொய்யே வாயில் வராத மனிதர் என்று பிடித்துப்போயிற்றா? இல்லை, இன்னும் எத்தனை பேருக்குப் பணியாரத் தட்டை நீட்டுவது என்று அலுத்துப்போயிற்றா? அண்ணனுக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற நினைப்பா? எல்லோர் முன்னாலும் அவளைப் பற்றி நான் போட்டு உடைத்துவிட்டேனே, என் மனசு சங்கடப்படக் கூடாது என்று சொல்கிறாளா? எதை எடுத்து வைத்தாலும் பொருந்துகிறது!

“நீங்க திருப்புன்னு சொல்லிப் பாக்க வேண்டியதுதானேம்மா?” என்கிறாள் வள்ளி.

எப்படிச் சொல்வது? சீட்டில் தப்பாகச் சந்தேகப்பட்டால் ஒரு குவியலை அள்ளிக்கொண்டு போகலாம். நிஜமாகவே ஆசைப்பட்டுச் சம்மதம் சொன்ன பெண்ணிடம் போய், திரும்பத் திரும்ப “நிஜமா, நிஜமா” என்று கேட்டால் அந்த ஆசையே வாடிப்போகாதா?

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் பெண்கள் போடுகிற சீட்டெல்லாம் கவிழ்ந்த சீட்டாகத்தான் இருக்கிறது. “எனக்குப் பசிக்கல.” “இந்தச் சேலையே போதும்.” “நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க.” யாராவது தட்டிக் கேட்டதுண்டா? என் கல்யாணத்தின்போதும் சம்மதமா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். அப்போது என் கை தோட்டில் இருந்ததா, இல்லையா? யாரும் பார்க்கவில்லை. (இதை வீட்டுக்காரர் படித்தால் அவருக்கு: இல்லவே இல்லை!)

நல்ல வேளையாக ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். “ஆவணியில பதில் சொல்றோம்னு சொல்லி அனுப்பிருங்க” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெரிய நாத்தனார்கூட ஒப்புக்கொண்டார். நான் சொல்லி அவர் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் இதுதான்.

இந்தப் பத்தியை வாரா வாரம் பிழை பார்த்துக்கொடுப்பது பிரகதம். இந்த வாரம் அவளிடம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று அவளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?... ஆட்களின் பெயர்களை எல்லாம் ஜாக்கிரதையாக மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயர்களை மாற்ற மறந்துவிட்டது இப்போதுதான் உறைக்கிறது.

சகோதரிகளே, ஒரு காலத்தில் நீங்களும் “சம்மதம்” என்று சொல்லியிருப்பீர்கள். அன்றைக்கு உங்கள் மனசில் இருந்தது அப்படியே வெளியே வர வேண்டுமென்றால், உங்களிடம் யார், எப்படிக் கேட்டிருக்க வேண்டும்? ஆடி முடிவதற்குள் எனக்கு எழுதுங்கள். பத்திரிகை ஆபீசிலிருந்து என் விலாசத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

தயவுசெய்து கவரில் போட்டு எழுதுங்கள். தபால் கார்டு வேண்டாம். எங்கள் வீட்டில் தபாலை வாங்கி முதலில் படிப்பவள் அவள்தான்.